புது வெப்சைட் வேண்டாம், இருப்பதைச் சரிசெய்வோம்: ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குச் செய்த தேடல் பழுதுபார்ப்பு

சக்கர நாற்காலி, வாக்கர், நோயாளிக் கட்டில், காற்று மெத்தை, கழிப்பறை நாற்காலி. இந்த மாதிரிப் பொருட்களைத் தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாக இரவல் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, துடைத்துப் பழுது பார்த்து அடுத்தவருக்குக் கொடுக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். சம்பளத்துக்கு இருப்பது ஒருவர்தான், மற்ற எல்லாரும் என்னைப் போல நேரம் கிடைக்கும்போது எட்டிப்பார்க்கிறவர்கள். நல்ல வேலை, ஆனால் வெளியே தெரியவில்லை. கால் முறிந்து படுத்திருப்பவரின் பிள்ளை மொபைலில் தேடினால் வாடகைக் கடைகள் வரிசை கட்டி வரும், இவர்கள் பெயர் வராது. நிர்வாகக் குழு இதற்கு இரண்டு யோசனை வைத்திருந்தது. ஒன்று, புதுசாக ஒரு வெப்சைட். இன்னொன்று, ஃபேஸ்புக்கில் பணம் கட்டி பதிவுகளை பூஸ்ட் செய்வது. இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, இருக்கிற வெப்சைட்டைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். டொமைனுக்கும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த பணத்தைத் தவிர புதுச் செலவு எதுவும் இல்லை. மாலை நேரங்கள் போயின, அது வேறு கணக்கு.

முதலில் சாவிகள் யாரிடம்?

எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்பேன். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது? ஹோஸ்டிங் பாஸ்வேர்டு யாரிடம்? ஃபேஸ்புக் பக்கத்துக்கு அட்மின் யார்? இங்கே பதில் வழக்கம்போலத்தான். டொமைன் முன்பு உதவி செய்த ஒரு தம்பியின் சொந்த மின்னஞ்சலில், ஹோஸ்டிங் பொருளாளரிடம், ஃபேஸ்புக் பக்கம் மூன்று பேரிடம், அதில் ஒருவர் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தம்பி நல்லவர், கேட்டதும் மாற்றிக்கொடுத்தார். அவர் எண் கிடைக்காமல் போயிருந்தால் புதுப்பிக்கும் தேதி தாண்டி டொமைன் காலாவதியாகியிருக்கும். அப்படிக் கைவிடப்பட்ட பழைய டொமைன்களை வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் பழைய தொண்டு நிறுவன முகவரிகளுக்கு நல்ல நல்ல தளங்களிலிருந்து லிங்க் இருக்கும். எல்லாவற்றையும் நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் ஒன்றுக்கு மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, பாஸ்வேர்டுகளைக் குழுவில் இரண்டு பேர் திறக்கக்கூடிய ஒரு பெட்டகத்தில் வைத்தோம். டொமைனைத் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தாயிற்று. தளத்துக்குப் பூட்டு அடையாளம், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி தகவலை அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்., இல்லாமல் இருந்தது. 2018 முதல் குரோம் உலாவி அப்படிப்பட்ட தளங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பே இதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகைகளில் ஒரு பொத்தான் அழுத்தினால் வந்துவிடும். இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேடுபொறிக்கே கதவு சாத்தியிருந்தது

கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியை ஒட்டிப் போட்டால், அந்தத் தளத்தில் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்று ஓரளவுக்குத் தெரியும். போட்டேன். ஒன்றும் இல்லை. பின்தங்கி வருவது வேறு, இங்கே பட்டியலிலேயே பெயர் இல்லை. தளம், வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அமைப்புகளுக்குள் ‘வாசிப்பு’ என்ற பிரிவில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளம் கட்டி முடியும்வரை அதை டிக் செய்து வைப்பார்கள், முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவே இல்லை. இத்தனை காலமும் அந்த டிக் அப்படியே இருந்திருக்கிறது. இந்த நிலையில் பூஸ்ட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குழுவில் ஒருவர் கேட்டார், ஃபேஸ்புக்கில் நாலு பேர் லைக் போட்டிருப்பார்கள் என்றேன்.

டிக்கை எடுத்தேன். அப்புறம், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்தேன். இது முழுக்க இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க டொமைன் அமைப்பில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள், சாவிகள் கையில் இல்லையென்றால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள், அதனால்தான் முதலில் சாவி. வேர்ட்பிரஸ் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தளத்தின் பக்கப் பட்டியலை, சைட்மேப் என்பதை, தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த முகவரியை சர்ச் கன்சோலில் கொடுத்துவிட்டு, முக்கியமான பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பரிசோதனைப் பெட்டியில் போட்டு ‘பட்டியலிடக் கோரு’ என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை, அது வரும்போது வரும். அந்த நேரத்தில் உள்ளடக்கத்தைக் கவனித்தேன், ஏனென்றால் கூகுள் வந்து பார்த்தாலும் உள்ளே படிக்க ஒன்றும் இல்லை.

போன் நோட்டுப் புத்தகம்

முகப்புப் பக்கத்தின் தலைப்பு ‘முகப்பு’. அடுத்த பக்கம் ‘சேவைகள்’. முகப்பில் மூன்று பெரிய படங்கள் மாறி மாறி ஓடும், ஒவ்வொன்றின் மேலும் ‘மனிதம் காப்போம்’ மாதிரி ஒரு வாசகம். என்ன பொருள் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எத்தனை நாளைக்கு, எதுவும் இல்லை. நிறுவனர் எப்படி இதை ஆரம்பித்தார் என்பது மட்டும் ஆறு பத்தி இருந்தது.

எந்தச் சொல்லுக்குத் தேடலில் வர வேண்டும் என்று ஆராய்ச்சி செய்யக் காசு வாங்கும் கருவிகள் நிறைய உண்டு. எங்களுக்கு அதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. அலுவலகத்தில் போன் எடுக்கும் அக்கா, வரும் அழைப்புகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். யார் அழைத்தார்கள், என்ன பொருள், என்ன சொன்னோம் என்று மூன்று பத்தி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன்.

“அக்கா, எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி என்ன?”

“டெபாசிட் உண்டான்னுதான் தம்பி. அதுக்கப்புறம் எத்தனை நாள் வச்சுக்கலாம், வீட்டுல கொண்டுவந்து தருவீங்களா. உடம்பு எடை ஜாஸ்தி, தாங்குமான்னு தயங்கித் தயங்கிக் கேப்பாங்க. வீல்சேர் கதவுக்குள்ள நுழையுமான்னு வாங்கிட்டுப் போனப்புறம் கேப்பாங்க.”

அந்தக் கடைசி இரண்டு கேள்விகளை நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது. அதிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் எழுதினோம். சக்கர நாற்காலிப் பக்கத்தில் முதல் வரியே ‘டெபாசிட் இல்லை, வாடகை இல்லை’ என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், நீட்டிக்க என்ன செய்ய வேண்டும், என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும், எந்த மாடல் எவ்வளவு எடை தாங்கும், மடக்கினால் காரின் பின்பக்கத்தில் போகுமா. வாசலை அளப்பதற்கு ஒரு படம் போட்டோம், கதவைத் திறந்து வைத்த நிலையில் நிலைச் சட்டத்துக்கும் கதவுப் பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும், சட்டத்துக்குச் சட்டம் அளந்தால் கதவின் கனம் கணக்கில் வராது. அக்காதான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு படத்தால் மட்டுமே நாற்காலியை வாங்கிப் போய் நுழையவில்லை என்று திரும்பக் கொண்டுவருவது நன்றாகக் குறைந்தது.

தலைப்பையும் மாற்றினோம். ‘சேவைகள்’ என்பது போய், ‘சக்கர நாற்காலி இலவச இரவல்: யார் வாங்கலாம், எத்தனை நாள்’ என்று வந்தது. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரியும் வரி பெரும்பாலும் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, சில சமயம் கூகுள் தன் இஷ்டத்துக்கு மாற்றியும் போடும். கீழே வரும் இரண்டு வரிக் குறிப்பையும் நாமே எழுதிக் கொடுக்கலாம், அதில் ‘வரவேற்கிறோம்’ என்றெல்லாம் இடத்தை வீணாக்காமல் டெபாசிட் இல்லை என்பதைப் போட்டோம். முக்கியச் சொற்கள் என்று வரிசையாக நிரப்பச் சொல்லி ஒரு பழைய பெட்டி சில ப்ளக்இன்களில் (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) இன்னும் இருக்கிறது. அந்தச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. ஒரு தன்னார்வலர் அதில் நாற்பது சொல் நிரப்பி வைத்திருந்தார், பாவம். அப்படியே விட்டுவிட்டேன், அதனால் கெடுதலும் இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். நாம் ‘சக்கர நாற்காலி’ என்று எழுதுகிறோம், போனில் கேட்கிறவர்கள் எல்லாரும் ‘வீல்சேர்’ என்கிறார்கள், தேடுகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். பக்கத்துக்குள் இயல்பாக இரண்டு பெயரும் வரும்படி எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரு தனிப் பக்கமும் போட்டோம். ஒரே வாக்கியத்தில் எல்லாப் பெயரையும் திணிப்பதைப் படிக்கிறவருக்கும் பிடிக்காது, கூகுளுக்கும் பிடிக்காது.

நரற்கரலி

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு வரும் ஒரு தொந்தரவு இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறுவனத்திடம் நல்ல விஷயங்கள் இருந்தன. படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி, வாக்கரை உயரம் சரிசெய்வது எப்படி என்று கையேடுகள், ஆண்டறிக்கைகள், எல்லாம் பி.டி.எஃப். கோப்புகளாகத் தளத்தில் கிடந்தன. திறந்தால் அழகான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் பரவுவதற்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் தமிழ் 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் அச்சகங்களும் டி.டி.பி. செய்கிறவர்களும் பழைய எழுத்துருவை விடவில்லை, விடவும் மாட்டார்கள் போல.

இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றியதை அப்படியே தளத்தில் ஏற்றிவிடக் கூடாது. பழைய தட்டச்சில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பார்கள், அச்சில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மாற்றியபின் ‘நாற்காலி’ என்பது ‘நரற்கரலி’ என்று நிற்கும். சின்ன எழுத்தில் படிக்கும்போது கண் தப்பவிட்டுவிடும், தேடுபொறி தப்பவிடாது, அதற்கு இது வேறு சொல். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்பதும் உண்டு. நான் செய்தது, சந்தேகப்படும் சொற்களை ஒரு பட்டியல் போட்டு ‘தேடி மாற்று’ வசதியால் ஓட்டிவிட்டு, அப்புறம் ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் திருத்துவது. உரக்கப் படித்தால் ‘நரற்கரலி’ நாக்கில் மாட்டும். இப்போது அந்தக் கையேடுகள் சாதாரணப் பக்கங்களாக இருக்கின்றன, அச்சிட வேண்டுமென்றால் மட்டும் பி.டி.எஃப். உண்டு. படுக்கைப் புண் கையேட்டுப் பக்கத்துக்குத் தேடலிலிருந்து வருகிறவர்கள் முகப்புக்கு வருகிறவர்களைவிட அதிகம்.

போஸ்டர்களும் இதே கதைதான். முகாம் தேதி, நேரம், தொடர்பு எண் எல்லாம் ஒரே படத்துக்குள் இருக்கும், படத்துக்கு வெளியே ஒரு வரிகூட இருக்காது. தேடுபொறியை விடுங்கள், பார்வை இல்லாதவர் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டால் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை செய்யும் அமைப்பில் இது நன்றாகவா இருக்கிறது? இப்போது விதி: போஸ்டரில் உள்ளதெல்லாம் கீழே எழுத்திலும் வர வேண்டும், படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி, கட்டாயம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்துகள் இருந்தன, அதையும் கறுப்பாக்கினேன். இணைய அணுகல் வழிகாட்டிகளில் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற நிறவேறுபாடு குறைந்தபட்சம் வேண்டும் என்று இருக்கிறது, உலாவியிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

படங்களின் எடை

சுருக்கமாக. மொபைலில் எடுத்த படங்களை எடுத்த அளவிலேயே ஏற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றும் பல எம்.பி. ஸ்கூஷ் என்று உலாவியிலேயே ஓடும் ஒரு இலவசக் கருவியில் அகலத்தை 1200 புள்ளிக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் சேமித்தேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஓடும் படங்களைத் தூக்கிவிட்டு ஒரே படம் வைத்தேன், நிறுவனருக்குக் கொஞ்சம் வருத்தம். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனையில், திரையில் இருப்பதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பார்கள், அதற்குள் வந்துவிட்டது. மதிப்பெண் நூறு ஆகவேண்டும் என்று உட்கார்ந்தால் வாழ்நாள் போய்விடும், விட்டுவிடுங்கள்.

வரைபடம்

இதுதான் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகம் கொடுத்தது. கூகுள் வரைபடத்தில் நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே இருந்தது, யாரோ போட்டிருக்கிறார்கள், பழைய எண், புள்ளி பின்தெருவில். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற வசதியில் ‘இது எங்களுடையது’ என்று உரிமை கோரினோம். இப்போதெல்லாம் சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது, பொருட்கள் அடுக்கிய அறை, எல்லாம் வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். எடுக்கும்போது யார் முகமும், யாருடைய ஆவணமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதன்மை வகை ஒன்றும் கூடுதல் வகைகள் ஒன்பதுவரையும் தேர்ந்தெடுக்கலாம். ஒன்பதையும் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. திறந்திருக்கும் நேரத்தை உண்மையாகப் போடுங்கள், விடுமுறை நாளைத் தனியாகக் குறிக்கலாம், பூட்டிய கதவின் முன்னால் வந்து நின்றவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார். படம் என்று கேட்டபோது குழு அனுப்பியது எல்லாம் மேடையில் வரிசையாக நிற்கும் படங்கள். அதற்குப் பதிலாக வாசல், சாய்தளம், வண்டி நிறுத்தும் இடம், உள்ளே அடுக்கியிருக்கும் வாக்கர்கள் என்று போட்டோம். முதல் தடவை வருகிறவருக்கு வேண்டியது அதுதான். மதிப்புரை எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை, ஆனால் அதற்குப் பரிசோ சலுகையோ கொடுப்பது கூகுளின் விதிப்படி கூடாது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வரும்போது ரசீதில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும், அக்கா “முடிஞ்சா ரெண்டு வரி எழுதுங்க” என்பார், அவ்வளவுதான்.

பிங் தேடலுக்கும் இதேபோல ஒன்று இருக்கிறது, கூகுளில் போட்டதை அங்கே அப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் வரைபடத்துக்கும் தனி இலவசப் பதிவு உண்டு. அப்புறம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004 முதல் தன்னார்வலர்களே வரையும் உலக வரைபடம், அதன் தரவை எத்தனையோ செயலிகள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. அதில் ஓர் இடத்துக்குச் சக்கர நாற்காலியோடு போக முடியுமா என்று குறிக்கவே ஒரு வசதி உண்டு, பெர்லினிலிருந்து 2010-இல் தொடங்கிய வீல்மேப் அந்தத் தரவின் மேல்தான் ஓடுகிறது. எங்கள் இடத்தைக் குறித்தபின், இரண்டு தன்னார்வலர்கள் ஆர்வம் வந்து சுற்றியுள்ள நூலகம், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் சாய்தளம் இருக்கிறதா என்று குறிக்கப் போய்விட்டார்கள். அதனால் எங்கள் தளத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, செய்ய வேண்டிய வேலை, செய்தார்கள்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

பகிரும்போது என்ன தெரிகிறது

தளத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். எங்களுடையதில் வெறும் முகவரி மட்டும் நீலமாக வந்தது, இன்னொரு பக்கத்தில் நிறுவனரின் படம் மூக்குக்குக் கீழே மட்டும் வெட்டி வந்தது. ஓப்பன் கிராஃப் என்ற குறிப்புகளை ஒவ்வொரு பக்கத்திலும் வைத்தால் தலைப்பும் படமும் நாம் சொன்னபடி வரும், படம் 1200-க்கு 630 என்ற அளவில் இருப்பது வசதி, பெரும்பாலான தேடல் ப்ளக்இன்களில் இதற்குப் பெட்டி இருக்கும். மாற்றியபின் பழைய படமே வந்தால் பதற வேண்டாம், அந்தந்தச் செயலி சேமித்து வைத்திருப்பதைக் காட்டும். இந்த மாதிரிச் சேவைக்கு லிங்க் பயணிப்பதெல்லாம் குடும்பக் குழுக்கள் வழியாகத்தான், அங்கே ‘டெபாசிட் இல்லை’ என்ற வரி கண்ணில் பட்டால் போதும்.

மற்றவர் தளங்களிலிருந்து

‘முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம், இத்தனை லிங்க் தருகிறோம்’ என்று மின்னஞ்சல்கள் வரும், நேராகக் குப்பைக்கு. லிங்க்கைக் காசுக்கு வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. விக்கிப்பீடியாவில் நம் நிறுவனத்தைப் பற்றி நாமே கட்டுரை எழுதும் ஆசையும் குழுவில் ஒருவருக்கு இருந்தது. சொந்த நலன் உள்ளவர்கள் எழுதுவதை அங்கே விரும்பமாட்டார்கள், மேலும் ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளுக்கு 2007 முதல் தேடல் தரவரிசை மதிப்பு போகாதபடி குறி வைத்திருக்கிறார்கள். நேரம் வீண்.

நாங்கள் செய்தது இரண்டு. சர்ச் கன்சோலில் ‘பக்கம் இல்லை’ என்று வந்த பழைய முகவரிகளைப் பட்டியல் எடுத்தோம். ஒரு செய்தித்தளமும் ஒரு முதியோர் அமைப்பும் முந்தைய வெப்சைட்டின் பக்கங்களுக்கு இன்னும் லிங்க் வைத்திருந்தார்கள், அழுத்தினால் 404. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பார்த்து, அதற்கு நெருக்கமான புதுப் பக்கத்துக்கு 301 திருப்பிவிடல், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு, போட்டோம். யாரோ என்றைக்கோ நல்லெண்ணத்தில் கொடுத்த லிங்க் மறுபடி உயிர்பெற்றது. இரண்டாவது, நோயாளிகளை எங்களிடம் அனுப்பும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் எழுதினோம். ‘எங்களைப் பற்றிப் போடுங்கள்’ என்று எழுதவில்லை. வாசலை அளக்கும் படம், வாக்கர் உயரம் வைக்கும் கையேடு, இவை உங்கள் நோயாளிகளுக்குப் பயன்படலாம், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பக்கத்துக்கு ஒரு லிங்க் என்று எழுதினோம். பதில் போட்டவர்களில் அநேகமாக எல்லாரும் லிங்க் கொடுத்தார்கள்.

இலவச விளம்பரம், கடைசியில்

கூகுள் ஆட் கிராண்ட்ஸ் பற்றித்தான் எல்லாரும் முதலில் பேசுவார்கள். 2003 முதல் இருக்கிறது. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புவரை தேடல் விளம்பரம் இலவசம், ஒரு நாளைக்குச் சுமார் 329 டாலர் என்று கணக்கு. பணமாகக் கைக்கு வராது, எழுத்து விளம்பரமாக மட்டுமே ஓடும். முதலில் கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ் கணக்கு வாங்க வேண்டும், அதற்கு நிறுவனத்தின் பதிவு ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளிகள் சேர முடியாது. நாங்கள் சிகிச்சை தருவதில்லை, பொருளை இரவல் தருகிறோம் என்பதைத் தளத்தில் தெளிவாக எழுதிவைத்தபிறகுதான் விண்ணப்பித்தோம்.

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கண்டிப்பாகவும் இருப்பார்கள். விளம்பரத்தைப் பார்த்தவர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் அழுத்த வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் அதற்குக் கீழே போனால் கணக்கை நிறுத்திவைக்கலாம். சில விதிவிலக்குகள் தவிர ஒற்றைச் சொல்லை வைத்து விளம்பரம் போட முடியாது, ‘உதவி’, ‘தொண்டு’ என்றெல்லாம் போட்டுக் கூட்டம் சேர்க்க முடியாது. அழுத்தியவர் உள்ளே வந்து ஏதாவது உருப்படியாகச் செய்தாரா என்பதையும் அளந்து காட்ட வேண்டும். நாங்கள் அதற்கு இரவல் விண்ணப்பப் படிவத்தையும் தொலைபேசி எண்ணைத் தொடுவதையும் கணக்கில் வைத்தோம். ‘முகப்பு’, ‘சேவைகள்’ என்றிருந்த பழைய தளத்தோடு இதில் இறங்கியிருந்தால் 5 சதவீதத்தைத் தொடுவதே பெரும்பாடு. பொருளுக்கு ஒரு பக்கம் இருந்ததால் பக்கத்துக்கு ஒரு விளம்பரத் தொகுப்பு, போன் நோட்டில் இருந்த அதே கேள்விகளே தேடல் சொற்கள், வேலை சுலபமாக முடிந்தது. 10,000 டாலரையும் செலவழித்தே தீர வேண்டும் என்று சொற்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள் சிலர், தேவையில்லை. நாங்கள் அதில் சின்னப் பங்குதான் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் பொருளை வந்து வாங்கிப்போகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுகிறோம்.

எதை எண்ணுவது

லைக்கை எண்ணுவதில்லை என்று முடிவெடுத்தோம். அக்காவின் நோட்டில் நாலாவது பத்தி ஒன்று கோடு போட்டோம், ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று. முன்பெல்லாம் ‘சொந்தக்காரர் சொன்னார்’ என்பதே பக்கம் பக்கமாக வரும். இப்போது ‘போனில் தேடினேன்’, ‘மேப்பில் பார்த்தேன்’ நடுவில் நிறைய வருகிறது. சர்ச் கன்சோலில் மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு வேலை: நிறையப் பேருக்குக் காட்டப்பட்டு, குறைவாக அழுத்தப்பட்ட பக்கம் எது என்று பார்த்து அதன் தலைப்பைத் திருத்துவது. பதினாறு மாதத் தரவுவரை அங்கே இருக்கும் என்பதால் அவசரம் இல்லை.

ஒன்று எதிர்பார்க்காதது. தெரிய ஆரம்பித்ததும் பொருள் பற்றாமல் போனது. வீல்சேர் எல்லாம் வெளியே, போனில் ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருப்பு நிலவரம் வைத்தோம், ‘உண்டு’, ‘காத்திருப்புப் பட்டியல்’ என்று அக்காவே மொபைலில் மாற்றுகிறார். அதோடு இன்னொரு பக்கமும் எழுதினோம்: வீட்டில் சும்மா கிடக்கும் சக்கர நாற்காலியை, கட்டிலை என்ன செய்வது, எந்த நிலையில் இருந்தால் வாங்கிக்கொள்வோம், யார் வந்து எடுப்பார்கள். பெரியவர் தவறியபின் அந்தக் கட்டிலைப் பார்க்கவும் முடியாமல் தூக்கிப்போடவும் மனசில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அவர்களும் தேடுகிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லும் பக்கம் எதுவும் இல்லாமல் இருந்தது. இன்றைக்குத் தளத்திலேயே அதிகம் அழைப்பு கொண்டுவருவது அந்தப் பக்கம்தான்.

மீதி இருப்பவை: நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுகின்றன, மின்னஞ்சல் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். வரிகளை டொமைனில் சேர்க்க வேண்டும். கையேடுகளில் இன்னும் மூன்று பழைய எழுத்துருவிலேயே இருக்கின்றன. முன்சக்கரம் உடைந்து வந்த நாற்காலிகளை எப்படிச் சரிசெய்கிறோம் என்று பழுது பார்ப்பவரை வைத்து ஒரு வீடியோ எடுக்கலாம் என்று பேச்சு இருக்கிறது, அவர் கேமராவுக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறார், கையை மட்டும் காட்டினால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.